காற்று அடிக்கும் மணியும் கயிறு இழுக்கும் மணியும்

கொழும்பிலாயினும் ரொறன்ரோவிலாயினும் பாரிஸிலாயினும் எம்மவரின் வீட்டு வாயிலில் இன்று அடிக்கடி காணப்படும் பொருள்களுள் ஒன்று காற்று மணி. 'விண்ட் சைம்' என்றே கடைக்காரரும் வாங்குவோரும் அதனை அழைக்கின்றனர். ஐந்தாறு உலோகக் குழாய்கள், அவற்றின் நடுவே தொங்கும் ஒரு மரவட்டு, அதற்குக் கீழே காற்றைப் பிடிப்பதற்கென ஒரு தகடு. இவ்வளவுதான் அதன் உறுப்புகள். ஆனால், அதன் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் வாசகங்களோ ஏராளம். ஐயாயிரம் ஆண்டுப் பழைமை, வாஸ்து மரபு, செல்வ விருத்தி, நோய் நீக்கம் என்று அவை நீண்டு செல்கின்றன. அண்மையில் கொழும்புக் கடையொன்றில் இத்தகைய பெட்டியொன்றைக் கையிலெடுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்தவை அலுமினியக் குழாய்கள்.

அலுமினியம் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1825ஆம் ஆண்டில். அதனை மலிவாகப் பெருமளவில் உற்பத்தி செய்யும் முறை கண்டறியப்பட்டது 1886ஆம் ஆண்டில். எனவே, ஐயாயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த அலுமினியக் காற்று மணி என்று ஒன்று இருப்பதற்கில்லை. ஆயினும், காற்று மணிக்கு நீண்டதொரு வரலாறு உண்டு என்பது மெய்யே. பெட்டியின் மீது எழுதப்பட்டிருப்பதைக் காட்டிலும் அது சுவையானது. எம்மவர் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளும் அதில் அடங்கியிருக்கின்றன.

தீய கண்ணுக்கு எதிரான மணிகள்

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதையுண்ட பொம்பெய் நகரிலிருந்து வெண்கலத்தாலான தொங்கு மணிகள் பல கிடைத்துள்ளன. உரோமர் இவற்றைத் தின்தின்னாபுலம் என்றனர். வீட்டு வாயிலிலும் கடை முகப்பிலும் இவை தொங்கவிடப்பட்டன. விசித்திரமான உருவங்களிலிருந்து சிறு மணிகள் தொங்கும். காற்றில் அவை ஒலிக்கும். இவற்றுள் பல உருவங்கள் ஆண்குறி வடிவிலானவை. இன்று அவற்றைக் காண்போர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆனால், தீய கண்ணைத் திசை திருப்பும் ஆற்றல் அவ்வுருவத்துக்கு உண்டென்பது அக்கால உரோமரின் நம்பிக்கை. எமது ஊர்களில் புதுமனையின் முன்னே திருஷ்டிப் பொம்மை கட்டித் தொங்கவிடுவதன் நோக்கம் எதுவோ, அதுவே அங்கும் நோக்கமாயிருந்தது.

கிழக்கிலோ மணியின் கதை வேறு. சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் 1978ஆம் ஆண்டு அகழப்பட்ட கல்லறை ஒன்றில் 65 வெண்கல மணிகள் கொண்ட தொகுதி கிடைத்தது. கி.மு. 433 அளவில் செங் என்னும் சிற்றரசின் தலைவனோடு புதைக்கப்பட்டவை அவை. ஒவ்வொரு மணியும், அடிக்கும் இடத்தைப் பொறுத்து, இரண்டு சுரங்களை ஒலிக்கக்கூடியது. ஆயின் இவற்றுக்கு நாக்கு இல்லை. மனிதன் வெளியிலிருந்து அடித்தாலொழிய இவை ஒலிக்கா. உள்ளே நாக்குடைய சிறு மணிகளே பின்னர் கூரை விளிம்புகளுக்கு ஏறின. அந்த நாக்கின் கீழ் ஒரு தகட்டைக் கட்டிவிட்டால் மணியடிக்க மனிதன் வேண்டியதில்லை. காற்றே போதும்.

தாங் அரச மரபின் காலத்தில் இது மாளிகைகளின் பொழுதுபோக்காகவும் ஆயிற்று. கி.பி. 712 முதல் 756 வரை ஆண்ட சுவான்சொங் பேரரசரின் சகோதரர் ஒருவர், தமது மாளிகையின் மூங்கில் தோப்பில் உடைந்த பச்சைக்கல் துண்டுகளைத் தொங்கவிட்டிருந்தாராம். இரவில் அவை ஒன்றோடொன்று மோதும் ஒலி கேட்டதும் காற்று எழுந்துவிட்டதென அறிந்துகொள்வாராம். பேரரசரின் மூத்த சகோதரரோ, வசந்த காலத்தில் தமது தோட்டத்துப் பூங்கிளைகளில் செந்நிறப் பட்டு நூலால் பொன் மணிகளைக் கட்டிவைத்தார். பூக்களைக் கொத்த வரும் பறவைகளை விரட்டுவதற்காகத் தோட்டக்காரன் அந்நூலை இழுத்து ஒலிக்கச் செய்வான். பத்தாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட தாங் காலச் செய்திகளில் இவ்விரண்டும் காணப்படுகின்றன. முன்னவரது மணி காற்றை அறிவதற்கு. பின்னவரது மணி பறவையை விரட்டுவதற்கு. செல்வம் பெருகுமென்று இருவருமே மணி கட்டவில்லை.

போதிதருமர் கேட்ட மணிகள்

காற்று மணியின் வரலாற்றில் தமிழர் பெரிதும் உரிமை பாராட்டும் ஒருவர் குறுக்கிடுகிறார். அவர் போதிதருமர்.

வட சீனாவை ஆண்ட வேய் அரச மரபினரின் தலைநகரான லுவோயாங்கில், கி.பி. 516இல் அரசமாதேவியார் ஹூ என்பவர் யொங்னிங் விகாரையைக் கட்டுவித்தார். அதன் ஒன்பது நிலைக் கோபுரம் மரத்தாலானது. ஒவ்வொரு நிலையின் மூலைகளிலும் பொன்னிற மணிகள் தொங்கின. அவற்றின் மொத்தத் தொகை நூற்றுக்கும் மேல். காற்று வீசும் நீண்ட இரவுகளில் அவை ஒன்றுசேர்ந்து ஒலிப்பது பத்து லீக்கும் அப்பால், அதாவது ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் தொலைவில் கேட்டதாம்.

இதனை எழுதிவைத்தவர் யாங் சுவான்ச்சி என்னும் அரச அலுவலர். அவரது நூலே போதிதருமரைக் குறிப்பிடும் மிகப் பழைய எழுத்து ஆவணம். தமக்கு நூற்றைம்பது வயது எனச் சொல்லிக்கொண்ட அத்துறவி, கோபுர உச்சியின் பொற்றட்டுகள் வெயிலில் ஒளிர்வதையும் காற்றில் மணிகள் முகில்களுக்கு அப்பாலும் ஒலிப்பதையும் கண்டும் கேட்டும் வியந்து, எத்தனையோ நாடுகளைச் சுற்றியும் இத்தகையதொன்றைத் தாம் கண்டதில்லை என்றாராம். நாட்கணக்கில் கைகூப்பி 'நமோ' என்று ஓதிக்கொண்டிருந்தாராம்.

ஆனால், அந்நூல் அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்பது, அதே ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த தான்லின் என்னும் துறவியின் குறிப்பில் வருகிறது. அவரும் காஞ்சிபுரத்தையோ பல்லவரையோ பெயர் சுட்டவில்லை. காஞ்சிப் பல்லவ இளவரசர் என்ற கதை பிற்கால மரபு. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படத்தின் பின்னர் அது எமது இளைஞர்களிடையே ஐயத்துக்கிடமற்ற வரலாறாகவே மாறிவிட்டது. போதிதருமர் தென்னாட்டவராக இருந்திருக்கலாம். அதற்கு ஆதாரம் உண்டு. அதற்கு மாறான ஆதாரமும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே எமது பெருமைக்குப் பாதுகாப்பு. இல்லையேல் பெட்டியின் மேல் ஐயாயிரம் ஆண்டு என்று அச்சிடும் வணிகருக்கும் எமக்கும் வேறுபாடு இராது.

யாங் சுவான்ச்சி அந்நூலை ஏன் எழுதினார் என்பது இதனைவிட முக்கியமானது. 534ஆம் ஆண்டில் அக்கோபுரம் தீப்பற்றி எரிந்தது. தீ மூன்று மாதங்கள் அணையவில்லை என்கிறார் அவர். அதே ஆண்டு தலைநகரும் இடம்பெயர்ந்தது. 547இல் அலுவல் நிமித்தம் அவர் லுவோயாங்குக்குத் திரும்பியபோது மதில்கள் இடிந்து, மாளிகைகள் சரிந்து, வீதிகளில் முட்செடிகள் மண்டிக் கிடந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விகாரைகள் இருந்த நகரில் மணியோசையே அரிதாகிவிட்டது என்றும், பின்வருவோர் எதையும் அறியாது போய்விடுவரோ என்று அஞ்சியே தாம் எழுதுவதாகவும் முன்னுரையில் அவர் கூறுகிறார். போருக்குப் பின்னர் தமது ஊருக்குத் திரும்பிப் பார்த்த எவருக்கும் இந்த முன்னுரைக்கு விளக்கவுரை தேவைப்படாது.

கவசம் செய்தவர் மணி செய்தார்

சீனத்துக் கூரை மணிகள் பௌத்தத்தோடு யப்பானுக்குச் சென்றன. தொற்றுநோயைக் காற்று சுமந்து வருகிறது என்றும், மணியோசை எட்டும் எல்லைக்குள் அது நுழையாது என்றும் அங்கு நம்பப்பட்டது. பின்னர், எடோ காலத்தில் (1603 - 1868) கண்ணாடி மணிகள் தோன்றின. இவற்றின் வாய் விளிம்பு வேண்டுமென்றே சொரசொரப்பாக விடப்படுகிறது. நாக்கு அதன்மேல் உரசும்போதே அந்த மெல்லிய ஒலி பிறக்கிறது. ஓவியம் உட்புறத்தில் தீட்டப்படுகிறது. நாக்கிலிருந்து ஒரு காகிதப் பட்டி தொங்கும். புழுக்கமான கோடையில் அவ்வொலியைக் கேட்டதும், காற்று வருகிறது என்று உடலே குளிர்ச்சியை எண்ணிக்கொள்ளும் என்பர். வடகிழக்கே இவாத்தே மாகாணத்தில் வார்ப்பிரும்பில் செய்யப்படும் நம்பு மணிகள் வேறு வகை. கோடைகாலத்தில் அங்குள்ள மிசுசாவா புகையிரத நிலையத்தில் தொங்கவிடப்படும் இம்மணிகளின் ஓசை, 1996ஆம் ஆண்டில் அரசு தெரிவுசெய்த, பேணப்படவேண்டிய நூறு ஒலிகளுள் ஒன்றாக இடம்பெற்றது. கட்டடத்தைப் பேணுவதுபோல ஓசையையும் பேணலாம் என்று ஓர் அரசுக்குத் தோன்றியது வியப்புக்குரியதே.

ஹிமெஜி நகரத்து மியோச்சின் குடும்பத்தாரின் வரலாறு என்னைப் பெரிதும் கவர்ந்தது. தலைமுறை தலைமுறையாகச் சாமுராய் வீரருக்குக் கவசம் அடித்தவர்கள் அவர்கள். 1868இன் பின்னர் சாமுராய் முறைமை ஒழிந்தது. கவசம் வாங்க ஆளில்லை. அவர்கள் கரி அடுப்புக்குரிய இரும்புக் கோல்களை அடிக்கத் தொடங்கினர். இருபதாம் நூற்றாண்டில் கரி அடுப்பும் மறைந்தது. 1960களில் அதே கோல்களை நான்காகத் தொங்கவிட்டுக் காற்று மணியாக்கினர். போர்க்கவசம் செய்த கைகள் காற்று மணி செய்யக் கற்றுக்கொண்டதற்கு நூறாண்டு சென்றது.

எமது காற்றொலி

தமிழரிடம் காற்று மணி இருந்ததா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எம்மிடம் மணிகளுக்குக் குறைவில்லை. கோயில் மணி, தேர் மணி, யானையின் இருபுற மணி, மாலையில் வீடு திரும்பும் ஆநிரையின் மணி, குழந்தையின் காற்கிண்கிணி என எமது இலக்கியம் முழுவதும் மணியொலி நிறைந்தது. ஆயினும் இவை பெரும்பாலும் மனிதனோ விலங்கோ அசைவதால் ஒலிப்பவை.

காற்றையே கருவியாகக் கொண்ட ஓசை ஒன்று யாழ்ப்பாணத்தாரிடம் உண்டு. அது பட்டத்தில் கட்டும் 'விண்'. வில்போல் வளைத்த சலாகையில் மெல்லிய நாரை இழுத்துக் கட்டிப் பட்டத்தின் மேற்புறத்தில் பொருத்துவர். காற்று அந்நாரின் மீது பாயும்போது அது அதிர்ந்து கூவும். தைப்பொங்கலை ஒட்டிய நாள்களில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் எழும் பட்டங்களைக் கண்டவர்கள் அந்தக் கூவலையும் மறந்திருக்க மாட்டார்கள். பட்டத்தை ஏற்றிக் கட்டிவைத்துவிட்டுப் படுத்தால் இரவு முழுவதும் அது கூவிக்கொண்டிருக்கும். கூவல் தாழ்ந்தால் காற்று தளர்கிறது என்பது படுக்கையிலேயே தெரிந்துவிடும். மூங்கில் தோப்பில் பச்சைக்கல் தொங்கவிட்ட சீன இளவரசர் அறிந்ததும் இதுவேயன்றோ.

இன்னுமொரு தொடர்பும் உண்டு. மெல்லிய, ஒளி ஊடுருவும் சிப்பி ஓடுகளாலான காற்று மணிகள் பிலிப்பீன்ஸிலிருந்து உலகெங்கும் விற்பனைக்கு வருகின்றன. அந்தச் சிப்பி எமது திருகோணமலைக்கு அருகிலுள்ள தம்பலகாமம் குடாவுக்கும் உரியது. 19ஆம் நூற்றாண்டில் அங்கு சிறு முத்துக்களுக்காக அது குளித்தெடுக்கப்பட்டது. லண்டன் வீட்டுச் சாளரத்தில் சலசலக்கும் ஓடுகள் எமது குடாவின் சிப்பியினத்தவை என்பதைப் பலர் அறியார்.

எதனைத் தெரிவுசெய்வது?

நாம் இன்று கடையில் காணும் குழாய் மணி பழைய கூரை மணியின் நேரடி வாரிசன்று. 1884ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கொவென்ற்றி நகரத்தைச் சேர்ந்த ஜோன் ஹரிங்டன் என்பவர் குழாய் மணிகளுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். கனத்த மணிகளைத் தாங்கமுடியாத கோபுரங்களுக்கு அவை பயன்பட்டன. இசைக்குழுக்களும் அவற்றை ஏற்றுக்கொண்டன. சுரம் சேர்த்த வீட்டுக் காற்று மணிகள் பரவியது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1979இல் அமெரிக்க இசைக் கலைஞர் கரி க்விஸ்ராட், புல்வெளி நாற்காலிகளின் அலுமினியக் குழாய்களை அறுத்து, பண்டைய கிரேக்க ஐந்து சுர வரிசையொன்றில் அமைத்த மணி அவற்றுள் பெயர்பெற்றது. ஃபெங் ஷுயி என்னும் சீனக் கலை மேலை நாடுகளில் பரவியபோது இக்குழாய் மணிக்கும் அதில் ஓர் இடம் கிடைத்தது. அங்கிருந்து அது 'வாஸ்து' என்ற பெயரோடு எம்மிடம் வந்து சேர்ந்தது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை மிக எளியவை.

முதலாவது, குழாய் எங்கே தொங்கவிடப்பட்டிருக்கிறது என்பது. இரு முனையும் கட்டற்ற குழாய் அதிரும்போது, முனையிலிருந்து நீளத்தின் 22.4 சதவீதத்தில் அசையாத புள்ளியொன்று இருக்கும். 50 சென்ரிமீற்றர் குழாய்க்கு அது 11.2 சென்ரிமீற்றரில் வரும். அங்கு துளையிட்டுக் கட்டினால் ஒலி நீண்டு நிற்கும். உச்சியில் துளையிட்டவை விரைவில் ஓய்ந்துவிடும். அளவுகோல் ஒன்று இருந்தால் கடையிலேயே பரிசோதிக்கலாம்.

இரண்டாவது, நீளம். ஒரே தடிப்புள்ள குழாயைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. ஆகவே, சிறு வேறுபாடும் சுரத்தை மாற்றிவிடும். தாழ்ந்த சுரம் வேண்டுவோர் நீளமான குழாய்களையே நாடவேண்டும். நடுவட்டு குழாயின் நடுப்பகுதியில் மோதுமாறு தொங்குவது நன்று.

மூன்றாவது, பொருள். கடற்கரையோரத்தில் வாழ்வோருக்கு இரும்பு உதவாது. அலுமினியமோ வெண்கலமோ தகும். மூங்கிலின் ஒலி குறுகியது, அயலவரைத் துன்புறுத்தாது. தொடர்மாடிகளில் வாழ்வோருக்கு மூங்கிலும் சிப்பியுமே ஏற்றவை. கயிறு வெயிலில் விரைவில் இற்றுப்போகும். அதனை மாற்றக்கூடியதாக அமைந்த மணியையே வாங்கவேண்டும். எந்தத் திசையில் கட்டுவது என்று கேட்டால், உங்கள் வீட்டுக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில் என்பதே எனது மறுமொழி.

திசை பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் வன்னியில் ஒரு வீட்டுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் காணாமற்போன மகனுக்காகக் காத்திருக்கும் தாய் அவர். வீட்டின் வடமேற்கு மூலையில் ஆறு குழாய்கள் கொண்ட மணியொன்று தொங்கியது. அந்தத் திசையில் அதைக் கட்டினால் வீட்டைப் பிரிந்தவர் திரும்புவர் என்று யாரோ ஒருவர் பெருந்தொகை பெற்றுக்கொண்டு சொல்லியிருக்கிறார். வெளிநாட்டிலுள்ள மகள் பணம் அனுப்பியிருக்கிறார். "இரவிலை அது அடிச்சா எழும்பிப் படலையடிக்குப் போய்ப் பாப்பன் தம்பி. காத்துத்தான் எண்டு தெரியும். எண்டாலும் போவன்" என்றார் அந்த அம்மா.

அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவரது நம்பிக்கையைப் பழிப்பதற்கு எனக்கு உரிமையில்லை. அதனை விலைபேசியவரைப் பழிப்பதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு.

இந்தத் தீவின் வரலாற்றிலே வேறொரு மணி இருந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன் தனது படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணியைக் கட்டி, அதிலிருந்து நீண்ட கயிறொன்றை வெளியே விட்டிருந்தான். நீதி வேண்டுவோர் எவரும் அதனை இழுக்கலாம். கன்றை இழந்த பசு இழுத்த கதையை எல்லோரும் அறிவர். காயவைத்த அரிசி, பருவந்தவறிய மழையில் நனைந்து கெட்டுப்போனதென்று ஒரு முதியவளும் அதனை இழுத்தாள். மழைக்கு அரசன் என்ன செய்வான் என்று அவளைத் துரத்திவிடவில்லை. அவன் அவளுக்காக நோன்பிருந்தான். இவற்றைச் சொல்வது தமிழ் நூலன்று. எல்லாளனை வென்ற துட்டகைமுனுவைப் போற்றும் மகாவம்சமே சொல்கிறது. எதிரியின் நூலே ஏற்றுக்கொண்ட பெருமை அது.

காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்தனர். பிற ஊர்களிலும் அவ்வாறே அமர்ந்தனர். 2016இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்கீழ் அதற்கென ஓர் அலுவலகமும் அமைக்கப்பட்டது. விண்ணப்பங்கள் நிரப்பப்பட்டன, படங்கள் ஒப்படைக்கப்பட்டன. மறுமொழி பெறாமலே இறந்துபோன தாய்மாரும் தந்தைமாரும் பலர். கயிற்றை இழுத்தும் மறுமுனையில் ஒலி எழாதபோதுதான் மனிதர் காற்றிடம் கேட்கத் தொடங்குகின்றனர்.

காற்று மணி அழகிய பொருள். அதனை வாங்குங்கள், துளையை அளந்து, ஒலியைக் கேட்டு, உங்கள் காதுக்குப் பிடித்ததை வாங்குங்கள். ஊரிலுள்ள உறவினருக்கும் அனுப்புங்கள். ஆனால், அது காற்று வருகிறது என்பதை மட்டுமே சொல்லவல்லது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். வாஸ்துக்காரருக்குக் கொடுக்கும் தொகையைக் கொண்டு வீதியோரத்துப் பந்தலில் அமர்ந்திருக்கும் ஒரு தாய் கொழும்புக்கோ ஜெனீவாவுக்கோ சென்று தனது முறைப்பாட்டைக் கூற உதவலாம். அந்த மணியின் கயிறு இன்னமும் அறுந்துவிடவில்லை.